சனிக்கிழமைச் சவரம்

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து இருபது வருடம் ஆகியிருந்த சமயம். ஓர் ஆற்றங்கரை நகரத்தில் லூசியஸ் பெட்வே என்றொரு வக்கீல் இருந்தார். அந்த ஊர்க் கோர்ட்டில் வாதாடிய முதல் கறுப்பர். நகரசபையில் உட்கார்ந்த முதல் கறுப்பரும் அவர்தான். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயரே வேப்பங்காயாய்க் கசந்தது.

அவரிடம் சட்டம் படித்த சீடன் ஆமோஸ். அவனும் கறுப்பன்தான், நாற்பது வயது. கடைவீதியில் சொந்தமாக முடிதிருத்தும் சலூன் வைத்திருந்தான். வெள்ளைத் துரைகள் மட்டுமே வரும் கடை. ஒரு கறுப்பர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மறுநாளிலிருந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

அதனால் குருவுக்கு மட்டும் சனிக்கிழமைதோறும் வீட்டுக்கே போய்ச் சவரம் செய்தான். ஊரார் அதைக் குருபக்தி என்றார்கள். ஆமோஸும் அப்படித்தான் சொல்லிக்கொண்டான்.

பெட்வே வருடக்கணக்கில் மல்லுக்கட்டி நகரசபையில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஓட்டல், விடுதி, சலூன், எங்கேயும் நிறம் பார்த்து ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது. சாமி வரம் கொடுத்தாயிற்று, பூசாரி கொடுக்க வேண்டுமே.

அந்த வாரமே ஆமோஸ் குருவை ஊரின் பெரிய ஓட்டலுக்கு அழைத்துப் போனான். காப்பி கேட்டார்கள். வந்தது. மரியாதையாகத்தான் வந்தது.

குடித்து முடித்ததும் பரிமாறுகிறவன் இரண்டு கோப்பைகளையும் துணியால் பிடித்து உள்ளே எடுத்துப் போனான். சமையலறையில் ஒன்று உடைந்தது. பிறகு இன்னொன்று.

அவமானத்தில் ஆமோஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"கேட்டீங்களா ஐயா?"

"கேட்டுச்சு."

"கேஸ் போடுவோம்."

"காப்பி குடுத்துட்டானே. என்னன்னு போடுவே?"

ஆமோஸ் எழுந்தான். வெளியே வந்தார்கள். தெருவில் நடக்கும்போதும் அவனுக்கு ஆறவில்லை.

"சட்டம் வந்தும் இப்படின்னா, இவங்க மனசு எப்பத்தான் ஐயா மாறும்?"

பெட்வே தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். முள்முள்ளாக வளர்ந்திருந்தது.

"நாளைக்குச் சனிக்கிழமை இல்லே?"

"ஆமாங்க ஐயா. வழக்கம்போல காலையில வந்துடறேன்."

"நீ வர வேணாம், ஆமோஸ். நானே உன் கடைக்கு வந்துடறேன்."

"காலையில மேயர் வர்ற நேரங்க ஐயா, அதனால..."

ஆமோஸ் பாதியில் நிறுத்திக்கொண்டான்.