டீயில் விழுந்த மாத்திரை

சாயக்காரம்மாவுக்குச் சீடர் என்று ஒரே ஒருத்தர்தான். அவரும் அம்மாவைவிடப் பத்து வயசு மூத்தவர். பேர் அய்யாக்குட்டி, மலைமேல் தேயிலை ஃபேக்டரியில் மேஸ்திரி. அம்மா இருபது வருஷம் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். ஒரு நாள் போதும் என்று தோன்றியிருக்கிறது, மலையேறி வந்துவிட்டார். ஞானம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அதனால்தான் மேஸ்திரி அவரைக் குருவென்று பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு மேஸ்திரி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். மருந்து பொய்யா, சாமி பொய்யா?"

"என்ன ஆச்சு?"

மகள் பூரணத்துக்கு இது ஏழாம் மாசம். உடம்பில் ரத்தம் ஏழு புள்ளிதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து இரண்டு மாசமாகியும் அரைப் புள்ளி ஏறவில்லை. இப்படியே பிரசவத்துக்குப் போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பூரணத்தைப் பெற்ற அன்றைக்கு அவள் அம்மா போனதும் ரத்தம் இல்லாமல்தான்.

"மாத்திரையத் தூக்கிப் போடுதியான்னு நர்ஸம்மா அவளைத் திட்டுதாங்க. ஒரு நாள் விட்டதில்லம்மா. நானே சாமியக் கும்பிட்டு என் கையால குடுக்கேன்."

"எதுல குடுக்கிறீங்க?"

"டீயிலதான். வெறும் தண்ணியில முழுங்கினா அவளுக்குக் குமட்டும். பால் ஊத்தாம, நல்லாக் கொதிக்க விட்டு, துவர்ப்பா ஒரு டீ. அது எறங்கினா குமட்டல் நின்னுரும்."

அந்த வேதனையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. டீ போடுவதில் அவரை மிஞ்ச அந்த மலையில் ஆள் கிடையாது.

"அதே மாதிரி இங்க ஒண்ணு போடுங்க" என்றார் அம்மா.

குருவுக்கு டீ குடிக்கத் தோன்றிவிட்டது என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார். போட்டு, கண்ணாடி டம்ளரில் ஊற்றி நீட்டினார். நல்ல செம்பு நிறம்.

"மாத்திரை வெச்சிருக்கீங்களா?"

ஆஸ்பத்திரியில் அன்றைக்குத்தான் வாங்கிய மாத்திரை அட்டை அவர் பையில் இருந்தது. அம்மா ஒரு மாத்திரையை எடுத்துப் பொடித்து, டீயில் போட்டுக் கலக்கினார்.

டீ கறுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மையாகிவிட்டது.

"முப்பத்தஞ்சு வருஷமா தேயிலையோட கெடக்கேன். இப்படிப் பார்த்ததில்ல" என்றார் மேஸ்திரி.

"நான் தினமும் பார்த்ததுதான். கடுக்காய்த் தண்ணியில இரும்புத் தண்ணிய ஊத்தித்தான் சேலைக்குக் கறுப்பு ஏத்துவோம். துவர்ப்பு இரும்பைப் பிடிச்சா லேசுல விடாது."

"அப்போ, மாத்திரை பிள்ளைக்குப் போய்ச் சேரவே இல்லியா?"

"கொஞ்சம் போயிருக்கும். மீதிய உங்க டீ பிடிச்சு வெச்சுக்கிச்சு."

"பாவி, நானே குடுத்து நானே தடுத்திருக்கேனே" என்று மேஸ்திரி டம்ளரை எடுத்து வெளியே வீசப் போனார்.

"இருங்க. அதுக்குள்ள என்ன அவசரம்?"

அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி டம்ளருக்குள் பிழிந்தார். கறுப்பு கலங்கியது, கரைந்தது, காணாமல் போனது. வெளிறிப்போன மஞ்சள் தண்ணீர்தான் மிச்சம்.

"கறுப்பு எங்கம்மா போச்சு?"

"எங்கயும் போகல. புளிப்பு வந்ததும் இரும்பு கை மாறிருச்சு. இனிமே மாத்திரைய எலுமிச்சைத் தண்ணியில குடுங்க. டீ வேணும்னா ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குடிக்கட்டும்."

மேஸ்திரி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஒரு மாசம் கழித்து வந்தார். கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. ஒன்பதரை. அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை, வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவும் இல்லை.

"இன்னும் என்ன?"

"அவளுக்குச் சோறு போடவே கை வர மாட்டேங்குதும்மா. ஒரு டம்ளருக்குள்ளயே இத்தனை நடக்குன்னா, வயித்துக்குள்ள என்னென்ன நடக்கும்? கீரை, பருப்பு, மோர், மஞ்சள்னு போட்டுக்கிட்டே இருக்கோம். எது எதைப் பிடிக்குது, எது எதை விடுதுன்னு யாரு கண்டா? நேத்து ரசம் ஊத்தப் போயி அப்படியே நின்னுட்டேன்."

அம்மா சீட்டை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"பூரணத்துக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு."

"பெத்தவ போனதுக்கப்புறம் அவளுக்குச் சோறு போட்டது யாரு?"

"நான்தான். வேற யாரு இருக்கா?"

"எது எதைப் பிடிக்கும்னு தெரிஞ்சா போட்டீங்க?"

"ஒரு மண்ணும் தெரியாது எனக்கு."

"அப்போ அவளை வளர்த்தது யாருன்னு நெனச்சீங்க?"