அம்மா அழும் பத்தி

சங்கரபாண்டிக்கு ஐம்பதை நெருங்கும் வயது. எழுத்துப் பட்டறையில் அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ரெஜினாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவர் வாய் நிறைய "டீச்சர்" என்பார். அவள் "அண்ணே" என்பாள்.

அன்று பட்டறையின் நிறைவு விழா. அப்பா இறந்த நாளைப் பற்றி எழுதிய கதையை அவர் மேடையில் வாசிக்க வேண்டும். கேட்பதற்கு அவருடைய அம்மாவே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மேடைக்குப் பக்கத்து அறையில் ரெஜினா கதையைப் புரட்டினாள். ஒரு பத்தியில் நின்றுவிட்டாள்.

"போன வாரம் இந்த இடத்துல அம்மா மாவு ஆட்டிட்டுல்லா இருந்தாங்க?"

"ஏஐகிட்ட காட்டினேன் டீச்சர். நீங்கதான காட்டலாம்னீங்க?"

"ஆமா. அது என்ன சொல்லிச்சு?"

"சாவுச் சேதி வந்தப்ப அம்மா மனசுல என்ன ஓடிச்சுன்னு கதையில தெரியலையாம்."

"சரியாத்தான் சொல்லிருக்கு. பொறவு?"

"பொறவு என்ன... நீயே எழுதிக் குடுன்னுட்டேன்."

ரெஜினா வாய்விட்டுப் படித்தாள். அதில் அம்மா சுவரில் சாய்ந்து சரிந்தாள், நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறினாள். ஒரு சொல் குறை சொல்ல முடியாது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"அம்மா அழுதாங்களா?"



"இல்ல. கிரைண்டர்ல கிடந்த மாவை முழுசா ஆட்டி, வழிச்சு, உப்புப் போட்டுக் கரைச்சு மூடி வச்சாங்க. அதுக்கப்புறம்தான் வெளிய வந்தாங்க. கல்நெஞ்சுக்காரின்னு சொந்தக்காரங்க இன்னைக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"நாலு பேர் முன்னால அம்மா அழுததா வாசிச்சா, அவங்களுக்கு நல்லதுதான டீச்சர்?"

"அப்படி வாசிச்சா, அழாதது தப்புன்னு சொந்தக்காரங்க சொன்னதை நீங்களும் ஒத்துக்கிடுதீங்க. அதுவும் அம்மாவை எதிர்ல உக்கார வச்சு."

மறுபடியும் பெயரைக் கூப்பிட்டார்கள். கூட்டம் கைதட்டத் தொடங்கிவிட்டது.

ரெஜினா கதவைத் திறந்து மைக்கில் பேசியவரிடம் சொன்னாள்: "அண்ணன் கடைசியா வாசிப்பாங்க. அடுத்தவங்களைக் கூப்பிடுங்க."

பிறகு சங்கரபாண்டி பக்கம் திரும்பினாள்.

"அம்மா மனசுல என்ன ஓடிச்சுன்னு ஏஐ கேட்டது நல்ல கேள்விண்ணே. பதில் தெரிஞ்ச ஆளு அந்தா, முதல் வரிசையில உக்காந்திருக்காங்க. போய்க் கேளுங்க."