கீழே விழுந்த கல்

அந்தப் பட்டறையில் குரு, சீடன் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். ஆறுச்சாமிக்கு ஐம்பத்தொரு வயது. அவருக்குச் சாணை வேலை கற்றுக்கொடுத்த பூங்கொடிக்கு முப்பத்து நாலு. அவர் அவளை மேடம் என்றார். அவள் அவரை அண்ணா என்றாள்.

கோவை கணபதியில், மோட்டார் தண்டுகளைச் சாணை பிடித்து மெருகேற்றும் இடம் அது. வார்ப்படப் பிரிவை மூடியபோது ஆறுச்சாமியை இங்கே மாற்றினார்கள். மூன்று மாதத்தில் வேலை கற்றுக்கொள்ள வேண்டும். பூங்கொடி கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மூன்று மாதம் ஒரு சனிக்கிழமை முடிந்தது.

அவருடைய குறை ஒன்றுதான், பயம். சேர்ந்த வாரத்தில், கூரைத் தகட்டில் அந்த ஓட்டை எப்படி வந்தது என்று கேட்டார். ஓடும்போது சாணைக்கல் வெடித்து, ஒரு துண்டு அந்த வழியாகப் போனது என்றார்கள். மற்றத் துண்டு எங்கே போனது என்று கேட்டார். எல்லோரும் அவரவர் இயந்திரத்துக்குத் திரும்பினார்கள்.

அன்றிலிருந்து கல் சுழலத் தொடங்கினாலே பத்தடி பின்வாங்குவார். பக்கத்து இயந்திரத்துச் சிவநேசன் அவருக்குப் பத்தடி என்று பேர் வைத்தான். ‘என்ன பத்தடி, இன்னைக்கு ஒம்போதடிக்கு வந்தாச்சா?’ என்று தினமும் காலையில் விசாரிப்பான்.

அந்தச் சனிக்கிழமை பழைய கல் தேய்ந்து தீர்ந்திருந்தது. புதுக் கல்லை ஆறுச்சாமியே சோதித்து மாட்டட்டும் என்று சொல்லிவிட்டுப் பூங்கொடி அலுவலகத்துக்குப் போனாள்.

கிடங்கில் பெட்டியைப் பிரிக்கும்போது கல் கைநழுவியது. முழங்கால் உயரம்தான். சிமெண்டுத் தரையில் விளிம்பு பட்டு, உருண்டு, சுவரில் சாய்ந்து நின்றது. அவர் சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை.

விளிம்பை விரலால் தடவினார். பிளவு எதுவும் தட்டுப்படவில்லை. நடுத்துளையில் கம்பி கோர்த்துத் தொங்கவிட்டு, கற்றுக்கொடுத்தபடி மரப்பிடியால் நான்கு இடத்தில் தட்டினார். விரிசல் விட்ட கல் ஓட்டைப் பானை மாதிரி ஒலிக்கும். இது நான்கு இடத்திலும் கணீரென்றது.

ஆனாலும், விழுந்த கல்லை மாட்டக் கூடாது, சத்தம் எப்படி இருந்தாலும் சரி. அது முதல் நாள் பாடம். விழுந்ததைச் சொன்னால், நடுங்கிப் போட்டுவிட்டான் என்று ஊர் சிரிக்கும். கையெழுத்தும் வராது. அவர் கல்லைத் தூக்கிப்போய் மாட்டினார்.

பூங்கொடி வந்து திருகுகளைச் சரிபார்த்தாள்.

‘தட்டிப் பார்த்தீங்களாண்ணா?’

‘பார்த்தேனுங்க.’

‘சத்தம் எப்படி?’

‘நல்ல கல்லுங்க மேடம்.’

அவள் அவர் முகத்தைக் கொஞ்சம் பார்த்தாள்.

புதுக் கல்லை முதலில் ஒரு நிமிடம் சும்மா ஓட விடுவார்கள். அந்த ஒரு நிமிடம் கல்லுக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. பதினோரு வருடமாகப் பூங்கொடி அந்த நிமிடத்தைத் தூணுக்குப் பின்னால்தான் கழித்திருக்கிறாள்.

இன்று தூணுக்குப் போகவில்லை. கல்லின் மூடி திறந்திருக்கும் பக்கமாகப் போய், நேர் எதிரே நின்றாள். சிவநேசன் தன் இயந்திரத்தை நிறுத்தினான்.

‘மேடம், அங்க நிக்கக் கூடாதுங்க’ என்றார் ஆறுச்சாமி.

‘நல்ல கல்லுன்னீங்களே?’

‘ஆமாங்க. ஆனாலும்...’

‘பட்டனை அழுத்துங்க.’

அவர் பச்சைப் பட்டன் மேல் விரலை வைத்தார். விரல் வியர்வையில் வழுக்கியது. கல்லின் மேல் விளிம்பு அவள் கழுத்துக்கு நேராக இருந்தது. தரையில் பட்ட இடம் எது என்று தேடினார். சுற்றிலும் ஒரே வெள்ளை. எந்த இடம் என்று அவருக்கே தெரியவில்லை.

‘உங்களுக்குப் பயமா இல்லீங்களா?’

‘இருக்கு’ என்றாள். ‘அழுத்துங்க.’

சிவநேசன் எப்போது தூணுக்குப் பின்னால் போனான் என்று யாரும் கவனிக்கவில்லை.

ஆறுச்சாமி விரலை எடுத்தார்.

‘கீழே விழுந்துடுச்சுங்க. நான்தான் போட்டுட்டேன்.’

பூங்கொடி வந்து மெயின் சுவிட்சை அணைத்தாள். இருவரும் சேர்ந்து கல்லைக் கழற்றினார்கள். அவள் கையிலிருந்து திருகு இரண்டு முறை கீழே விழுந்தது.

வேறு யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி கல்லைப் பின்வாசலுக்கு உருட்டிப் போய்ச் சம்மட்டியால் அடித்தாள். மூன்றாவது அடியில் உடைந்தது.

கிடங்கிலிருந்து இன்னொரு கல் எடுத்து வரச் சொன்னாள். ஆறுச்சாமி போகவில்லை. குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து, உடைந்த பக்கத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தார். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சொரசொரப்பாக மின்னியது.

‘மேடம், இதுல முன்னாடியே விரிசல் இருந்துச்சுங்களா?’

‘தெரியலீங்ண்ணா.’

அவர் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

‘நான் பட்டனை அழுத்தியிருந்தா?’

பூங்கொடி சம்மட்டியைச் சுவரோரம் சாய்த்தாள்.

‘அப்பத் தெரிஞ்சிருக்குங்ண்ணா.’