துளையில்லாமல் ஓர் எண்

கொங்கு நாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஒரு குரு, ஒரு சீடர். குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்தாறு. சிரிக்காதீர்கள், கணக்கு சரிதான்.

குரு, டாக்டர் ஹசீனா. மூளை நோயாளிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு அவர் பொறுப்பு. சீடர், சென்னியப்பன். முப்பது வருஷம் பம்பு கம்பெனியில் பிரஷர் மீட்டர்களோடு மாரடித்துவிட்டு, வேலையை உதறிவிட்டு, அந்த அம்மாவிடம் ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்தவர்.

காரணம், அவரே செய்த ஒரு தலைப்பட்டை.

மூளை வீங்கினால் மண்டைக்குள் அழுத்தம் ஏறும். இருபத்திரண்டைத் தாண்டினால் மருந்து கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் ஆள் பிழைப்பது கஷ்டம். அந்த எண்ணைப் பார்ப்பதற்கு மண்டையோட்டில் துளை போட்டு மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விடுவார்கள். சென்னியப்பனுக்கு அது ஆகவே ஆகாது.

"மனுசன் மண்டையென்ன தேங்காய்ங்களா, ஓட்டை போடறதுக்கு?"

நாடி துடிக்கும்போதெல்லாம் மண்டையோடு மயிரிழையிலும் குறைவாக விரிந்து சுருங்குமாம். அதை வெளியிலிருந்தே பிடித்து, உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று சொல்லிவிடும் அவர் பட்டை. துளையும் இல்லை, ஒரு சொட்டு ரத்தமும் இல்லை.

சோதனை தொடங்கியது. ஏற்கெனவே கம்பி வைத்திருக்கும் நோயாளிகளுக்கு, வீட்டாரின் சம்மதத்தோடு, பட்டையையும் போட்டுப் பார்ப்பது. வைத்தியம் கம்பி சொல்கிறபடிதான் நடக்கும். பட்டை சும்மா கூடவே எண் சொல்ல வேண்டும்.

சொன்னதே! கம்பி பதினெட்டு என்றால் பட்டையும் பதினெட்டு. கம்பி இருபத்தைந்து என்றால் பட்டை இருபத்துநாலு. மூன்று மாதம், முப்பத்தொரு நோயாளிகள், ஒருவரிடமும் பிசகவில்லை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து டாக்டரின் அறையில் வைத்தார். சிஸ்டர் புஷ்பலீலா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மூன்று துண்டு தின்றாள்.

"முப்பத்தொண்ணுக்கு முப்பத்தொண்ணுங்க டாக்டர்! பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்களே? இதை எப்பங்க நம்பலாம்?"

டாக்டர் மைசூர்பாகில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கையைக் கழுவினார். அலமாரியிலிருந்து பச்சைத் துண்டு ஒன்றை உருவிக்கொண்டு நேராக மூன்றாம் படுக்கைக்குப் போனார். கம்பியின் எண் காட்டும் மானிட்டர் மேல் அதை விரித்தார். நர்ஸ் மேசையிலும் அதே எண் ஓடும், மருந்தும் ஏறிக்கொண்டிருந்தது, ஆகவே நோயாளிக்கு ஆபத்தில்லை. எண் என்னவென்று சென்னியப்பனுக்கு மட்டும்தான் தெரியாது.

"இப்பப் போடுங்க சார்."

"அதுக்கென்னங்க, ஜம்முனு போட்டுட்டாப் போச்சு."

போட்டார். பன்னிரண்டு என்று காட்டியது. கொஞ்சம் மேலே நகர்த்தினார், பதினேழு. வாரை இழுத்தார், இருபத்துமூன்று. கீழே இறக்கினார், மறுபடி பதினேழு. கண் துண்டுப் பக்கம் போய்ப் போய் வந்தது.

"துண்டை எடுங்க டாக்டர்."

"எதுக்கு?"

"எங்க நிறுத்தறதுன்னு தெரியலீங்களே."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

பம்பு கம்பெனியில் புது மீட்டரை மாஸ்டர் மீட்டர் பக்கத்தில் வைப்பார்கள். இரண்டும் ஒன்றாகும் வரை திருகைத் திருப்புவார்கள். அங்கே அது குற்றமில்லை, அதுதான் வேலையே. முப்பது வருஷம் அதையே செய்த கை. முப்பத்தொரு தலையிலும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறது. கம்பியின் எண் வரும் வரை பட்டையை நகர்த்துவது, வந்ததும் நிறுத்துவது.

"ஏதோ ஒரு இடத்துல வெச்சு, ஒரு எண் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"பதினேழுங்க."

டாக்டர் துண்டை எடுத்தார். இருபத்தொன்பது.

சென்னியப்பன் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று மாத உழைப்பு ஒரே நிமிஷத்தில் போயிற்று. பதினேழு என்று நம்பி மருந்து கொடுக்காமல் விட்டிருந்தால் அந்த நோயாளி என்ன ஆகியிருப்பார்?

"ஏமாத்திப்போட்டனுங்க டாக்டர். சாமி சத்தியமா, தெரியாமத்தான்."

டாக்டர் ஹசீனாவோ படக்கென்று கைதட்டினார். ஐசியுவில் யாராவது கைதட்டுவார்களா? இவர் தட்டினார்.

"பன்னெண்டு தப்பு! சிஸ்டர், எழுதுங்க எழுதுங்க! நம்ம பட்டை இன்னிக்குத்தான் முதல் தடவையா சொந்தமா வாயைத் திறந்திருக்கு. சார், மைசூர்பாகு மிச்சம் இருக்கா?"

பழைய முப்பத்தொன்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மானிட்டர் பக்கம் திரும்பாமல் சென்னியப்பன் பட்டையைப் போட்டு ஒரு சீட்டில் எண்ணை எழுதுவார். கம்பியின் எண்ணை புஷ்பலீலா வேறு சீட்டில் எழுதுவாள். சனிக்கிழமை காலையில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பார்கள்.

முதல் சனி, ஒருவரிடம் ஒன்பது தப்பு, இன்னொருவரிடம் பதினாலு தப்பு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சல்லவா? பெற்ற பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டதுபோல் மனிதர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. காதின் மேல்நுனிக்கு மேலே மூன்று விரல், அங்கேதான் பட்டை. வாருக்கு இரண்டாவது துளைதான். போட்ட பிறகு யார் சொன்னாலும் தொடக்கூடாது. தப்பு ஏழாயிற்று. வழுக்கும் தலைக்காகப் பட்டையின் உள்பக்கம் மெல்லிய ரப்பர் ஒட்டினார், ஐந்தாயிற்று. சனிக்கிழமை என்றால் பிரிவே திருவிழாவாகிவிடும். டியூட்டி முடிந்த நர்ஸ்கள்கூட வீட்டுக்குப் போகாமல், சீட்டைப் பிரி பிரி என்று நிற்பார்கள்.

கடைசி இருபத்தைந்து நோயாளிகளில் ஒருவரிடமும் நாலுக்கு மேல் தப்பவில்லை.

ஆனால் அந்த நாலு போகவில்லை. என்ன செய்தாலும் போகவில்லை.

"கழுதை, இந்த நாலு மட்டும் நவுரவே மாட்டேங்குதுங்க டாக்டர். மானக்கேடா இருக்குதுங்க."

"இருக்கட்டும் சார்" என்றார் டாக்டர், சிரித்துக்கொண்டு.

ஒரு புதன்கிழமை முற்பகல் திலகமணி வந்தாள். இருபத்தொன்பது வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைப்பவள். மஞ்சள்காமாலை முற்றி, ஈரல் கெட்டு, மூளை வீங்க ஆரம்பித்திருக்கிறது என்று சந்தேகம். நினைவில்லை. ரத்தம் உறையவே இல்லை. துளை போட்டால் நிற்காமல் வடியும், போட முடியாது. மருந்தையும் சும்மா கொடுத்துவிட முடியாது. அது கடும் உப்புநீர். அவள் உடம்பிலோ உப்பு ஏற்கெனவே மேல் எல்லையில் நின்றது, வீணாக ஏற்றினால் அதுவே ஆபத்து.

இப்படிப்பட்டவர்களுக்கு, வீட்டார் சம்மதித்தால், பட்டையைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரிக் குழு அந்த வாரம்தான் அனுமதித்திருந்தது. கணவன் ஈசுவரன் கையெழுத்துப் போட்டான்.

சென்னியப்பன் மூன்று விரல் வைத்து அளந்தார். பட்டையைப் போட்டார். கையை எடுத்துவிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க இந்தத் தலையில் கம்பி கிடையாது.

இருபத்தெட்டு.

ஈசுவரன் எண்ணைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"அய்யா, நீங்க செஞ்சதுன்னாங்க. சரியாக் காட்டுமுங்களா?"

டாக்டர் பார்க்கிறார், புஷ்பலீலா பார்க்கிறாள். ஆமாம் தம்பி, அச்சுப் பிசகாமல் காட்டும் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அந்தப் பையனுக்கு எவ்வளவு தெம்பாக இருக்கும்! அவர் அதை அப்படியே விழுங்கினார்.

"நாலு முன்னப்பின்ன இருக்குமுங்க தம்பி. கூடவும் இருக்கலாம், கொறையவும் இருக்கலாம்."

ஈசுவரன் முகம் விழுந்துபோயிற்று. டாக்டர் அதற்குள் திரும்பிவிட்டார்.

"நாலு போனாலும் இருபத்துநாலு, இருபத்திரெண்டுக்கு மேலதான். சிஸ்டர், மருந்தை ஏத்துங்க."

ஏற்றினார்கள். கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இருபத்தாறு, இருபத்துமூன்று.

"எறங்குதுங்க டாக்டர், எறங்குது! இருபது! பத்தொம்பது! அட என் சாமி, பதினேழுங்க!"

"மெதுவா சார், பக்கத்துல நோயாளிங்க இருக்காங்க" என்ற புஷ்பலீலாவின் குரல்தான் அவர் குரலைவிடப் பெரிதாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஈசுவரன் "திலகா" என்று கூப்பிட்டபோது அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். அவன் விழுந்தடித்து வெளியே வந்து, சென்னியப்பனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

அவன் போன பிறகும் சென்னியப்பன் அங்கேயே நின்றார். டாக்டர் வந்தார்.

"என்ன சார், சந்தோஷமில்லையா?"

"இல்லாம என்னங்க, குதிக்கோணும்போல இருக்குது. ஒண்ணு மட்டும் உறுத்துதுங்க."

"சொல்லுங்க."

"அந்தப் பையன் உசுரைக் கையில புடிச்சுட்டு நின்னான். அந்த நேரம் பாத்து, நாலு தப்புமுன்னு சொல்லிப்போட்டேன். உங்களையும் தடுமாற வெச்சிருப்பேனுங்க."

"நீங்க அதைச் சொல்லாம, அச்சுப் பிசகாதுன்னு சொல்லியிருந்தா நான் மருந்தே கொடுத்திருக்க மாட்டேன்."

"ஏனுங்க? இருபத்தெட்டுன்னுதான் பளிச்சுன்னு காட்டுச்சே?"

"இருபத்தெட்டை நான் நம்பல சார்" என்றார் டாக்டர் ஹசீனா. "நாலைத்தான் நம்பினேன்."