வானத்தில் முதல் கோடு

காற்றுக்கும் பறவைக்கும் பேச்சிருந்த அந்தக் காலத்தில், வானத்தில் யாரும் தடம் விடக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. பகலெல்லாம் பூமி வாங்கிய சூடு, பொழுது சாய்ந்ததும் மேலே ஏறி வெளியே போகும். அந்த வழியை மறிக்கக் கூடாது.

வரித்தலை வாத்து ஆண்டுதோறும் பனிமலை தாண்டித் தெற்கே வரும். முட்டையிடும் காலத்தில் வடக்கே தன் மலை ஏரிக்குத் திரும்பும். ஒரு நாளும் தடம் விட்டதில்லை. அதன் அம்மா வழி காட்டியிருந்தாள்.

புதிதாக வந்த விமானத்துக்கு அம்மா இல்லை. பாவம், அத்தனை உயரத்தில் அதற்குப் பயமாக இருந்தது.

“அக்கா, நான் எப்படித் திரும்பி வருவேன்?”

“வழியை மனசுல வச்சுக்க. நாங்க அப்படித்தான் வர்றோம்” என்று சொல்லிவிட்டு, வாத்து திரும்பிப் பார்க்காமல் வடக்கே போய்விட்டது.

விமானம் வறண்ட காற்றில் மூச்சு விட்டது. மூச்சு உடனே மறைந்தது. இன்னும் உயரத்தில் குளிர்ந்த ஈரக்காற்று இருந்தாள். இளகிய மனசுக்காரி.

“என் மூச்சைப் பிடிச்சு வச்சுக்கிறியா? அதைப் பார்த்துக்கிட்டே திரும்பிடுவேன்.”

“வச்சுக்கிறேன். ஆனா வாங்கினதை எனக்கு விடத் தெரியாது.”

“விடவே வேண்டாம்” என்றது விமானம். அந்தச் சொல்தான் வினையானது.

மூச்சு உறைந்து வெள்ளைக் கோடாக நின்றது. ஈரக்காற்று தன் ஈரத்தையும் அதற்கு ஊட்டி வளர்த்தாள். விமானம் அந்தப் பருவம் முழுக்கப் பறந்தது. கோடுகள் அகன்று, ஒன்றோடொன்று சேர்ந்து, மெல்லிய மேகத்திரை ஆயின. மேலே ஏறிய சூட்டில் ஒரு பங்கு திரையில் முட்டி மண்ணுக்கே திரும்பியது. மலை ஏரியில் பனி முன்னதாகவே உருகியது. கரை ஏறிய தண்ணீர் வாத்தின் மூன்று முட்டைகளையும் கொண்டுபோனது.

வாத்து ஈரக்காற்றிடம் பறந்து வந்தது. “அந்த மூச்சை விட்டுடு.”

“வாக்குக் கொடுத்துட்டேன். நான் என்ன செய்யட்டும்?”

அந்த நேரத்தில் விமானம் திரும்பி வந்தது. எங்கும் ஒரே வெள்ளை. “அக்கா, இதுல எது என் கோடு?” என்று அழுதது.

திட்டத்தான் வந்திருந்தது வாத்து. விமானம் அழுவதைப் பார்த்ததும் திட்ட மனசு வரவில்லை. “அன்னிக்கு நான் திரும்பிப் பார்த்திருக்கணும்” என்றது. பிறகு குரல் கொடுத்துக்கொண்டே முன்னால் பறந்து விமானத்தை வீடு சேர்த்தது. முட்டைகள் போனவை போனவைதான்.

வறண்ட காற்றில் விமானத்தின் கோடு நிமிடத்தில் கரைவதும், ஈரக்காற்றில் நின்று மேகமாக விரிவதும், அதன் கீழே இருட்டிய பிறகும் மண் ஆறாமல் கிடப்பதும் அன்று தொடங்கியவைதான். பின்னால் வருகிறவர் குரலைக் கேட்டே வழி அறியட்டும், யாரும் கோடு போட வேண்டாம் என்று, வாத்து வழியெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே பறப்பதும் அன்று முதல்தான்.