ஏழாவது அடையில் ஓர் இடம்

மலையடிவாரக் காட்டில், ஓடைக்கரை மருதமரத்துப் பொந்துக்குள் ஒரு தேனீக்கூட்டம் குடியிருந்தது. உள்ளே வரிசையாக ஏழு அடைகள் தொங்கின.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பொழுது விடிந்ததும், யாரும் வெளியே பறக்கும் முன், எல்லாத் தேனீக்களும் அடைகளின்மேல் வந்து நிற்பார்கள். ஒவ்வொருத்திக்கும் ஓர் இடம். சிறகோடு சிறகு உரச நின்று, படைத்த ஆண்டவரைத் துதித்து ஒரே குரலில் ரீங்காரமிடுவார்கள். ராணி "ஆமென்!" என்று சொல்லும்வரை ஒருத்தியும் அசையமாட்டாள். அந்த நேரத்தில் அடையில் ஓர் அறைகூட வெளியே தெரியாது. அத்தனை நெருக்கம்!

ஏழாவது அடையின் கீழ் ஓரம் ஞானப்பூவின் இடம். பக்கத்தில் பாக்கியம் அக்கா நிற்பாள். ஞானப்பூவைப்போல் ஓர் உழைப்பாளி அந்தப் பொந்தில் கிடையாது. வேலை இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றாலே அவளுக்கு இருப்புக்கொள்ளாது. சோம்பேறியாய் இருந்திருந்தால், பின்னால் அவள் செய்ததை யாராவது தட்டிக் கேட்டிருப்பார்கள்!

வேங்கை பூத்த முதல் நாள் அவள் விடியலிலேயே வாசலுக்கு ஓடினாள்.

"ஏட்டி ஞானப்பூ! எங்க கெளம்பிட்டே? ஆராதனைக்கு நேரமாச்சுல்லா!" என்றாள் பாக்கியம்.

"வேங்கை பூத்திருக்கு அக்கா! வெயில் ஏறுனா தேன் வத்திரும்!"

"ஒரு பாட்டு பாடுத நேரந்தானட்டி!"

"வேலையும் ஆராதனைதான அக்கா? நான் ஒருத்தி பாடலன்னா ஆண்டவருக்குக் காது கேக்காதா?"

சொல்லிவிட்டுப் பறந்தேபோய்விட்டாள். பாக்கியம் தன் இடத்தில் போய் நின்றாள். பக்கத்தில் நாலைந்து அறைகள் வெறுமையாய்த் தெரிந்தன.

வயிறு நிறையத் தேனோடு ஞானப்பூ திரும்பி வந்தபோது எல்லாரும் ஆஹா ஓஹோ என்றார்கள். மறுநாளும் விடியுமுன் போனாள். மூன்றாம் நாள் அவளோடு இரண்டு பேர் போனார்கள். அந்த வாரம் முடிவதற்குள் ஏழாவது அடையில் பாதிப் பேர் இல்லை!

"கடைசி அடையிலிருந்து சத்தம் கொறையுதே?" என்று ராணி கேட்டாள்.

"எல்லாம் நம்ம கூட்டுக்காகத்தான் உழைக்காவ, அம்மா!" என்று யாரோ சொன்னார்கள். ராணியும் அதோடு விட்டுவிட்டாள். கை ஓயாமல் உழைக்கிறவளை என்னவென்று கண்டிப்பது?

மருதமரத்துப் பட்டை இடுக்கில் சாம்பல் நிறப் பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மெழுகைத் தின்று வளரும் இனம். ஆராதனை நேரம் வாசலில் ஆள் இருக்காது என்பது அதற்குத் தெரியும். எத்தனையோ விடியலில் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறது. ஒரு முட்டை வைக்கவும் இடமில்லாமல் திரும்பியிருக்கிறது.

ஒரு நாள் விடியலில் ஞானப்பூ வாசலைத் தாண்டும்போது, அந்தப் பூச்சி பதுங்கிப் பதுங்கி உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

"யாரு அது?" என்று அதட்டினாள்.

"காத்துக்குச் செத்த ஒதுங்குனேன் தாயி," என்றது பூச்சி. "நீ எவ்வளவு பெரிய உழைப்பாளி! என்கூடப் பேசிக்கிட்டு நின்னா பூ வாடிரும். நீ போ தாயி!"

ஞானப்பூவுக்கு மனம் திக்கென்றது. கூப்பாடு போட்டிருக்கலாம். ஆனால் கூப்பாடு போட்டால் உள்ளே போகவேண்டும். உள்ளே போனால் பாட்டு முடியும்வரை நிற்கவேண்டும். 'ஒத்தப் பூச்சி என்ன செஞ்சிரும்?' என்று நினைத்துக்கொண்டு வேங்கை மரத்துக்குப் பறந்துவிட்டாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது அது அவள் நினைவிலேயே இல்லை.

பத்துநாள் போனது. ஏழாவது அடையில் வெள்ளை நூலாம்படை படர்ந்தது. உள்ளே புழுக்கள் மெழுகைக் குடைந்து குடைந்து போயின. பாக்கியமும் மீதி இருந்தவர்களும் ஒரு புழுவை இழுத்துப்போட்டால், நூலுக்குள் பத்து நெளிந்தன. ஆறாவது அடைக்கும் நூல் ஏறியது. ஞானப்பூ விடியல்தோறும் போய்ச் சேர்த்த தேன் ஒழுகி, பொந்தின் அடியில் புளித்து நாறியது.

கடைசியில் ராணி எல்லாரையும் கூப்பிட்டாள்.

"இனி இங்க இருக்க முடியாது, மக்களே! கெளம்புங்க!"

"பிள்ளைங்க?" என்று ஒருத்தி கேட்டாள். அறைகளுக்குள் பிறக்காத தங்கைகள் இருந்தார்கள். அவர்களைத் தூக்கிக்கொண்டு எந்தத் தேனீயால் பறக்க முடியும்? ராணி வாசலைப் பார்த்து நடந்தாள்.

கூட்டம் வாசல் வழியே கொட்டி வெளியேறியது. ஞானப்பூ மட்டும் ஏழாவது அடைக்கு ஓடினாள். கீழ் ஓரத்தில் கால் வைத்ததும் நூல் சிக்கியது. அவள் நின்று பாடவேண்டிய அதே இடத்தில், மூடிய அறை ஒன்றுக்குள்ளிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது. பிறக்கவேண்டிய நாள் வந்தும் ஒரு தங்கை வெளியே வரமுடியாமல் தட்டிக்கொண்டிருந்தாள்!

ஞானப்பூ நூலைக் கடித்தாள். ஓர் இழை அறுந்தால் அடியில் ஒன்பது இழை இருந்தது.

"வாட்டி! ராணி பறந்துட்டா!" என்று வாசலிலிருந்து பாக்கியம் கூவினாள்.

"உள்ள ஒருத்தி தட்டுதா அக்கா!"

பாக்கியம் ஓடிவந்தாள். இருவரும் சேர்ந்து கடித்தார்கள். தாடை ஓய்ந்ததே தவிர நூல் விடவில்லை.

"அக்கா," என்றாள் ஞானப்பூ. "அந்தப் பூச்சி உள்ள வந்தத நான் பாத்தேன். சொல்லவந்தா ஆராதனையில நிக்கணுமேன்னு சொல்லாமப் போயிட்டேன்."

பாக்கியம் கடிப்பதை விட்டுவிட்டு, நூலிலிருந்து காலை விடுவித்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூட ஞானப்பூவுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

"நான் போறேன். ராணிகூட ஆள் வேணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பறந்தாள்.

ஞானப்பூ அந்த அறையின்மேல் நின்று, தனியாக ரீங்காரமிட்டாள். தட்டுகிறவளுக்கு ஒரு துணைக்குரல் கேட்கட்டும் என்று பாடினாள். உள்ளிருந்து டொக் என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அவள் மட்டும் பாடிக்கொண்டே நின்றாள். பாட்டு அப்போது யாரையும் காப்பாற்றவில்லை.

ஆண்டவருடைய பிள்ளைகளே, ஆராதனையில் நீங்கள் விட்டுப்போகும் இடத்தில் சத்துரு வந்து குடியேறிவிடுவான். ஆகையால் எந்த நல்ல வேலையைச் சாக்குச் சொல்லியும் அந்த இடத்தைக் காலியாக விடாமல் விழித்திருங்கள்.