லண்டனில் வாங்கிய வாய்தா

வெளிநாட்டு வழக்குகளை நடத்தும் லண்டன் வக்கீல் கம்பெனி ஒன்றில் வேலை கேட்டுப் போனாள் தென்காசி வக்கீல் செண்பகம். பெரிய வக்கீல் பார்க்கர் மூக்கைச் சுளித்தார்.

"உங்க ஊர் வக்கீலுக்கு வாய்தா வாங்குறதைத் தவிர என்ன தெரியும்? சரி, அதையே வாங்கு. நாளைக்கு விசாரணை, எங்ககிட்ட ஒரு காகிதம்கூடத் தயாரில்லை. தேதி கேட்கிற கட்சிக்கு நடுவர் அபராதம் போடுவாரு. நாம வாய் திறந்து கேட்கக் கூடாது, ஆனா தேதி வேணும். முடியலைன்னா ஊருக்கு விமானம் ஏறு."

மறுநாள் செண்பகம் எட்டுப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்தாள். எதிர்க்கட்சி வக்கீலின் முகம் வெளுத்தது.

"என்னம்மா இதெல்லாம்?"

"எல்லாம் அரசாங்க முத்திரை வெச்ச நகல் சார், மும்மூணு செட். இன்னைக்கே முடிச்சிடுவோமா?"

அவ்வளவுதான். மனுஷன் நடுவரிடம் ஓடி, அபராதத்தையும் ஒத்துக்கொண்டு, ஒரு மாதம் வாய்தா வாங்கினார்.

பார்க்கர் பெட்டியைத் திறந்தார். உள்ளே செண்பகத்தின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சட்டப் பட்டம், நன்னடத்தைச் சான்றிதழ்.

"என்ன இது?"

"வேலைக்காக ஆறு மாசமா ஆபீஸ் ஆபீஸாத் தூக்கிட்டு அலையிறேன் சார். இந்த ஊர்ல இதை மதிச்ச முதல் ஆளு அவர்தான்."

பார்க்கர் தொண்டையைக் கனைத்தார். "திங்கட்கிழமை வேலைக்கு வந்துடு. பெட்டியையும் கொண்டு வா."